ஆறு பேர் கண்ணில் படாத அழுக்கு

ஒரு படம் சட்டம் போட்டுச் சுவரேறுவதற்கு முன்னால் என்ன பாடு படுகிறது என்று காட்டுகிறேன். இடம் தஞ்சை மாவட்டத்து அதிராம்பட்டினம். ஞாயிறு காலை எட்டரை மணி, டீக்கடை பெஞ்சு. இருட்டோடு உப்பளத்துக்குப் போய், காலில் ஒட்டிய சேறுகூடக் காயாமல் வந்து உட்கார்ந்திருக்கும் ஆறு பேர் நாங்கள்; எடுத்த படங்களைக் கூடி அலசுவதுதான் வேலை. மளிகைக்கடைக்காரர் உண்டு, கல்லூரி மாணவர் உண்டு, துபாயிலிருந்து விடுமுறையில் வந்தவரும் உண்டு. நடுநாயகமாக, நாற்பது வருஷம் ஸ்டூடியோ நடத்தி ஓய்ந்த காக்கா (எங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்).

முதல் விதி: படம் எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது! ‘அன்னிக்கு மேகமா இருந்துச்சு’, ‘கொக்கு பறந்துடுச்சு’ எதுவும் செல்லாது. பெரிய போட்டிகளில் எடுத்தவர் பெயரை நடுவர்களிடம் மறைப்பார்கள். எங்களுக்குப் பெயர் தெரியும் என்பதால் வாய்க்குப் பூட்டு.

போன வார உப்பளப் பிரிண்டுகள் கைமாறத் தொடங்கும். காக்கா சட்டைப் பையிலிருந்து ‘ட’ வடிவத்தில் வெட்டிய இரண்டு கறுப்பு அட்டைகளை எடுப்பார். அதைப் பார்த்தாலே எங்களுக்கு நெஞ்சு படபடக்கும். இரண்டையும் எதிரெதிராகப் படத்தின் மேல் வைத்து நகர்த்துவார். வலது ஓரத்து மின்கம்பம் மறையும், வானம் பாதியாகக் குறையும். பரந்து கிடந்த உப்பளத்துக்குள்ளிருந்து ஒரு புதுப் படம் எட்டிப் பார்க்கும்! அடுத்து பிரிண்டைத் தலைகீழாகத் திருப்புவார். அப்போது பூநாரை வெறும் இளஞ்சிவப்புத் திட்டு, வரப்பு வெறும் கோடு. கனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று சட்டென்று தெரிந்துவிடும்.

இந்த ஆட்டம் நேற்று முளைத்ததில்லை. சென்னையில் 1857லேயே அலெக்சாண்டர் ஹண்டர் முன்னின்று மெட்ராஸ் புகைப்படச் சங்கத்தைத் தொடங்கினார்; அதன் உறுப்பினர்கள் படங்களைக் கண்காட்சியாக வைத்து ஒருவர் படத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்த வட்டத்தில் ஒருவரான லின்னேயஸ் டிரைப், 1858இல் எங்கள் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒட்டிச் சேர்த்தார். காட்டுயிர்ப் படங்களில் உலகப் பெயர் வாங்கிய டி.என்.ஏ. பெருமாளும் 1932இல் தஞ்சாவூரில் பிறந்தவர்தான். பெங்களூரில் இருந்தபடி எத்தனையோ இளைஞர்களுக்குக் கண்ணைத் திறந்துவிட்டவர். இதையெல்லாம் காக்கா சொல்லக் கேட்டால் எங்கள் டீ ஆறிப்போகும்!

இப்போது தலைப்பில் சொன்ன அழுக்குக்கு வருகிறேன். ஒரு ஞாயிறு என் படம் தேறிவிட்டது. உப்பு வாரும் அக்கா ஒருவர், காலை வெயில் முகத்தில் விழ, பலகையோடு நிமிர்கிற கணம். அடிவானம் சாயவில்லை, கண் கூர்மை. மற்ற ஐந்து பேரும் தலையாட்டினார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை!

யாரைப் படம் எடுத்தாலும் அவர்களுக்கு ஒரு பிரிண்ட் கொடுத்தாக வேண்டும், அது இரண்டாவது விதி. கொடுத்தேன். அக்கா ரொம்ப நேரம் பார்த்தார்.

“நான் நல்லாத்தான் இருக்கேன் தம்பி. உப்பு ஏன் இவ்வளவு அழுக்காக் கெடக்கு? இத எவன் வாங்குவான்?”

பிரிண்டைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தேன். ஆமாம், உப்பு சாம்பல் நிறம்! காக்காவிடம் ஓடினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “முகத்தையே பாத்துட்டு உப்ப விட்டுட்டேனே!” எதிரில் இருப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் என்றே கேமரா எண்ணிக்கொள்ளும். கண் கூசும் வெள்ளையைக் கண்டால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். பெண்ணின் பாடு எங்கள் கண்ணில் பட்டது, அந்தப் பாட்டில் விளைந்தது படவில்லை.

மறு ஞாயிறு கேமராவில் வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்காக, கூட்டி வைத்து, அதே வரப்பில் நின்றேன். புதுப் பிரிண்டை வாங்கிய அக்கா, தன் முகத்தை அப்புறம்தான் பார்த்தார். விரல் முதலில் உப்புக் குவியல் மேல் போனது.

“ம்... இது எங்க உப்பு.”

அன்று முதல் எங்கள் பிரிண்டுகள் உப்பளம் போய்விட்டுத்தான் டீக்கடைக்கு வருகின்றன.