பைலாவும் பொப் இசையும்

திருக்கோணமலையை அடுத்த பாலையூற்றில் வாழும் பறங்கியர் அன்றாடம் பேசுவது பெரும்பாலும் தமிழே. ஆயினும், அவர்தம் திருமண வீட்டில் வயலின் ஒலித்து, ரபான் முழங்கத் தொடங்கியதும் வேறொரு மொழி செவியில் விழும். போர்த்துக்கேயம் இம்மண்ணில் உருமாறி வழங்கிய மொழி அது. இணையிணையாக நின்று ஆடுவோரின் கால்களை இயக்கும் அவ்விசைக்குக் காபிரிஞ்ஞா என்பது பெயர்.

போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தது 1505ஆம் ஆண்டு. 1624இல் அவர்கள் கோணேசர் மலையில் கோட்டை கட்டினர். 1639இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1658இல் தீவு முழுவதிலும் போர்த்துக்கேயர் ஆட்சி முடிவுற்றது. ஆட்சி அகன்றபின்னும் பாட்டு அகலவில்லை. போர்வீரராகவும் அடிமைகளாகவும் ஐரோப்பியர் கொணர்ந்த ஆபிரிக்க மக்களின் தாளமும் அதனோடு கலந்தது. அம்மக்களைக் குறித்த காப்பிரி என்னும் சொல்லோடு போர்த்துக்கேயச் சிறுமை விகுதி சேர்ந்தே காபிரிஞ்ஞா என்றாயிற்று. பைலா என்னும் பெயரோ ஆடுதல் எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லின் வழி வந்தது.

இவ்விசையின் உயிர் அதன் தாளத்தில் உள்ளது. ஒரு சுற்றுக்கு ஆறு துடிப்புகள். ஒன்று இரண்டு மூன்று, நான்கு ஐந்து ஆறு என எண்ணி, ஒன்றிலும் நான்கிலும் கைதட்டினால் அதன் நடை விளங்கும். இடையிடையே அவ்வாறும் இரண்டிரண்டாகப் பிரிந்து, ஒன்று, மூன்று, ஐந்து ஆகியவற்றில் அழுத்தம் பெறும். இந்த மாற்றமே காலைத் துள்ளச் செய்வது. நம் கும்மிப் பாட்டின் திசிர நடைக்கு இது அயலன்று. தமிழ்ச் செவி இதனை எளிதில் ஏற்றதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். மெட்டோ இராகத்தை விரித்துச் செல்வதில்லை. கித்தாரில் மீட்டும் இரண்டு மூன்று சுரக்கூட்டுகளின் மேல் அமைந்து, யாவரும் சேர்ந்து பாடுவதற்கு எளிதாய் நிற்கிறது.

1940களில், பொலிஸ் சேவையிலிருந்த வொலி பஸ்தியான்ஸ் இந்நடையில் சிங்களப் பாடல்களை இயற்றிப் பரப்பினார். அவர் வழியே வாத பைலாவும் வளர்ந்தது. நம் லாவணியைப் போல, இருவர் மேடையேறி எதிரெதிராக அவ்விடத்திலேயே பாட்டுக் கட்டிப் பாடுவது அது.

ஈழத்துத் தமிழரிடையே தமிழகத் திரைப்பாடல்களே ஓங்கியிருந்த காலத்தில், 1960களின் பிற்பகுதியில், இளைஞர் சிலர் தமக்கெனப் பாடல் வேண்டினர். அவர்கள் சென்ற வழிகள் இரண்டு. ஒன்று மெல்லிசை: சொல்லின் உணர்வுக்கு முதலிடம் தந்து மென்மையாகப் பாடுவது. திருக்கோணமலையைச் சேர்ந்த எம். பி. பரமேஸ் 1968இல் வெளியிட்ட இசைத்தட்டு அவ்வழியின் முன்னோடி முயற்சிகளுள் ஒன்று. மற்றொன்று பொப் இசை: பைலாவின் துள்ளலில் ஊர்ப் பேச்சையும் நகைச்சுவையையும் ஏற்றுவது. கள்ளுக்கடைக்குப் போகாதே என அறிவுரை கூறும் பாடலைக்கூட ஆடத்தக்கதாக்கினார் நித்தி கனகரத்தினம். ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' கடல் கடந்து தமிழகத்திலும் ஒலித்தது.

பொப் இசையை இரவல் சரக்கு என்று இகழ்ந்தோரும் உண்டு. இரவல் என்றால் எவரிடம் பெற்றது? போர்த்துக்கேயர், ஆபிரிக்கர், பறங்கியர், சிங்களவர், தமிழர் என ஒவ்வொருவரும் பெற்றதோடு தம்முடையதையும் சேர்த்தே அடுத்தவருக்குக் கொடுத்தனர். ஆனால் இச்சங்கிலியின் ஒரு கண்ணி இன்று தேய்ந்து வருகிறது. பறங்கியர் மொழியைச் சரளமாகப் பேசுவோர் குறைந்து வருகின்றனர்; பாட்டைப் பாடும் இளையோர் பலருக்கு அதன் பொருள் தெரிவதில்லை. தாளம் எவர் காலிலும் தொற்றிக்கொண்டு வாழும். சொல்லுக்கு அந்த வசதி இல்லை. பொருள் அறிந்த முதியோர் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதிவைப்பதுதான் அதனைக் காக்கும் வழி.