காதுக்கும் உண்டு தேய்மானம்!

'அத்திப்பள்ளி, பெங்களூர்!' என்று கண்டக்டர் போட்ட சத்தத்தில் என் கையிலிருந்த டீயே தளும்பியது. ஓசூர் பஸ் நிலையம். பக்கத்திலிருந்த பெரியவரோ, "தம்பி, இது எங்க போற வண்டி?" என்றார் சாவகாசமாக.

சிப்காட்டில் இருபத்தெட்டு வருஷம் பிரஸ் ஷாப்பில் தகடு அடித்தவர். காது மந்தம். டாக்டரிடம் காட்டினாராம். "'வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்'னுட்டாரு. என் வயசுக்காரன்தான், ஸ்டோர்ஸ்ல இருந்தவன், அவனுக்கு நல்லா கேக்குதே தம்பி!"

என் வயசுக்காரன்! ஆராய்ச்சிக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதைப் பெரியவர் இரண்டே வார்த்தையில் முடித்து விட்டார்.

பி.காம்.மில் படித்தது: சரக்கு தானாகக் காய்ந்து எடை குறைந்தால் 'நார்மல் லாஸ்'. அதற்கு மேல் குறைந்தால் 'அப்நார்மல் லாஸ்'. யாராவது பதில் சொல்லியாக வேண்டும். காதும் அப்படித்தான்.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஸ்டோர்ஸில் 100 பேர். காது மந்தமானவர்கள் 25. பிரஸ் ஷாப்பிலும் 100 பேர், மந்தம் 22. அட, பிரஸ் ஷாப் தேவலையே! அவசரப்படாதீர்கள். ஸ்டோர்ஸில் இளைஞர்கள் 20 பேரில் 1, பெரியவர்கள் 80 பேரில் 24. பிரஸ் ஷாப்பில் இளைஞர்கள் 80 பேரில் 12, பெரியவர்கள் 20 பேரில் 10. அதாவது இளைஞர்களில் 5 சதவீதத்துக்கு 15; பெரியவர்களில் 30-க்கு 50! வயதைப் பிரிக்காத கணக்கு, இரைச்சலுக்கு நற்சான்றிதழ் கொடுத்து விடுகிறது.

இன்னொரு வில்லங்கம். உடம்பு கெட்டவர் வேலையை விட்டு ஊர் போய்ச் சேருவார். மிச்சமிருப்பவர்களை மட்டும் எண்ணினால் ரிசல்ட் ஜோராக இருக்கும். இங்கிலாந்தில் வில்லியம் ஓகிள் 1885-லேயே இதைச் சுட்டிக்காட்டினார்.

சரி, தனி ஆளுக்கு? இரைச்சல் தின்ற காதில் முதலில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விழும். வயது தின்றால், உச்ச ஸ்தாயியிலிருந்து சரிவு. ஆனால் வருஷம் ஏற ஏற இரண்டும் கலந்து விடும். ஊர் சராசரியை எடுத்து ஒருவர் காதில் கழிக்காதீர்கள் என்று அமெரிக்காவின் 'நியாஷ்' நிறுவனம் 1998-இல் சொன்னது. சராசரி மனிதர் யாருக்கும் காது கிடையாதே!

வேலையில் சேருகிற அன்றே காதைச் சோதித்து எழுதி வைப்பதுதான் வழி. பெரியவருக்கு யாரும் அதைச் செய்யவில்லை. ஓபனிங் பாலன்ஸ் இல்லாத கணக்கை எந்த ஆடிட்டர் டேலி பண்ண முடியும்?

"அத்திப்பள்ளிங்க!" என்று அவர் காதருகே கத்தினேன். திரும்பிப் பார்த்தது பஸ் நிலையம் முழுவதும்.