தூறலில் துளிர்க்கும் வியாபாரம்: ஓமான் ஸலாலாவின் கரீஃப் பருவம்

அரபு மொழியில் 'கரீஃப்' என்றால் இலையுதிர் காலம். ஆனால் ஓமானின் தெற்கே, யெமன் எல்லையை ஒட்டியுள்ள ழுஃபார் கரையோரப் பிரதேசத்தில் அந்தச் சொல்லுக்குப் பொருளே வேறு. அங்கு இலை உதிரும் காலமல்ல, இலை துளிர்க்கும் காலமே கரீஃப். ஜூன் 21 முதல் செப்டெம்பர் 20 வரையான ஏறத்தாழ 90 நாட்களில் மொட்டை மலைகள் பச்சைப் போர்வை போர்த்துக் கொள்கின்றன. அந்த 90 நாட்களை நம்பியே பிரதேசத்தின் தலைநகரான ஸலாலாவில் பெரும் வர்த்தகம் நடைபெறுகின்றது.

இதற்குக் காரணமான காற்று நமக்குப் புதியதல்ல. களுத்துறையிலும் காலியிலும் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே கச்சான் காற்றாக வறண்டு வீசும் அதே தென்மேல் பருவக்காற்றுத்தான். ழுஃபார் கரையோரமாக அது வீசும்போது கடலின் மேல்நீரைத் தள்ளிக்கொண்டு போக, ஆழத்திலுள்ள குளிர்நீர் மேலே வருகின்றது. அந்தக் குளிர்நீரின் மேலாக வரும் ஈரக்காற்று மூடுபனியாகி, பின்னாலுள்ள மலைத்தொடரில் மோதித் தூறுகின்றது. மழை என்று சொன்னால் நம்மவர்கள் சிரிப்பார்கள். குடை கூடத் தேவைப்படாத தூறல் அது. ஆனால் வளைகுடாவின் ஏனைய நகரங்கள் 40 பாகை செல்சியஸுக்கு மேல் கொதிக்கும் ஜூலையில், 25 பாகையளவில் நனைந்தபடி நிற்கலாம் என்பதே அங்கு விற்பனையாகும் முதற் சரக்கு.

2022 இல் கரீஃப் பருவத்துக்கு வந்தவர்கள் சுமார் 8 இலட்சத்து 13 ஆயிரம் பேர். 2023 இல் இது 9 இலட்சத்து 62 ஆயிரமாகி, 2024 இல் 10 இலட்சத்தையும் தாண்டியது. இவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் ஓமானியர்களே என்பது வர்த்தகர்கள் கவனிக்க வேண்டிய விடயம். அடுத்த நிலையில் எமிரேட்ஸ், சவூதி நாட்டவர்கள் வருகின்றனர். வெளிநாட்டு வெள்ளைக்காரரை எதிர்பார்த்து அமைத்த சந்தை அல்ல இது. உள்நாட்டுக் குடும்பங்கள் வாகனத்தில் ஏறி, மஸ்கட்டிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் கிலோமீற்றர் பாலைவனப் பாதையைக் கடந்து வருகின்றன. விமானத்தில் ஒன்றரை மணித்தியாலத்தில் போகலாம்தான். ஆனால் பிள்ளை குட்டிகளோடு போகும் குடும்பத் தலைவனுக்குக் காரே கட்டுபடியாகும். அதனால் நடுவழியிலுள்ள ஹைமா போன்ற ஊர்களின் பெற்றோல் நிலையங்களும் உணவகங்களும் கூடப் பருவத்தின் பங்காளிகளாகி விடுகின்றன.

பகலில் மலைக்கும் நீர்வீழ்ச்சிக்கும் போய் வருபவரை இரவில் நகரத்திலேயே தங்க வைப்பது எப்படி? இங்குதான் கலை நிகழ்ச்சிகள் வியாபாரத்தோடு கைகோர்க்கின்றன. ழுஃபார் மாநகர சபை இத்தீன் சமவெளியிலும் ஏனைய இடங்களிலும் மாலை வேளைகளில் நிகழ்ச்சிகளை நடத்துகின்றது. அண்மைய ஆண்டுகளில் அஸ்-ஸஆதா பகுதியில் மரபுக் கிராமமொன்றை அமைத்து, பழைய வீடுகளையும் கைத்தொழில்களையும் மக்கள் முன் காட்டுகின்றனர். ழுஃபார் பள்ளத்தாக்குகளுக்குரிய 'பர்ஆ' என்ற இசையும் ஆடலும் 2010 இல் யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பெற்றது. மேளம் முழங்க, கவிதை பாடுவோர் சூழ்ந்து நிற்க, இருவர் கையில் கஞ்சர் என்ற வளைந்த குத்துவாளுடன் அடியெடுத்து ஆடுவர். ஒவ்வொரு கோத்திரத்துக்கும் தனித்தனியான பாணி உண்டு. மழை ஒருவரை ஒரு நாளைக்கு அழைத்து வரும், மேளச்சத்தமோ நான்கு இரவுகள் தங்க வைக்கும் என்பது எனது கணிப்பு. தங்குபவர் சாப்பிடுவார், சாப்பிட்டவர் கடைத்தெருவில் நடப்பார்.

என்ன விற்கிறது என்று பார்த்தால் இரண்டு வகை. முதலாவது, நின்ற இடத்திலேயே உண்டு முடிப்பவை. கம்பியில் கோத்துச் சுடும் 'மிஷ்காக்' இறைச்சி, சூடான கல்லில் வாட்டும் 'மழ்பி' இறைச்சி, வாழைப்பழம், பப்பாசி, எல்லாவற்றுக்கும் மேலாக இளநீர். அரபுத் தீபகற்பத்தில் தென்னந்தோப்பைப் பார்ப்பதே அரிது. ஸலாலாவில் வீதியோரம் முழுவதும் தென்னோலைக் கூரையிட்ட இளநீர்க் கடைகள். நமக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். ஆனால் பாலைவனத்திலிருந்து வரும் குடும்பத்துக்கு இளநீர் வெட்டுவதைப் பார்ப்பதே ஒரு காட்சி. இலங்கைக்கும் வந்து சென்ற இப்னு பதூதா, 14ஆம் நூற்றாண்டில் ழுஃபாரைப் பார்த்தபோது அங்கிருந்த தென்னையையும் வெற்றிலையையும் வியந்து விரிவாக எழுதி வைத்தார். அன்றைய வியப்புத்தான் இன்றைய வியாபாரம்.

இரண்டாவது வகை, வீட்டுக்குக் கொண்டு போகும் பொருட்கள். அதில் முதலிடம் 'லுபான்' என்ற சாம்பிராணிக்கு. பெருநாளிலும் வெள்ளிக்கிழமையிலும் நமது வீடுகளில் மணக்கும் சாம்பிராணியின் உயர்ந்த வகை இது. மழைக்காற்று எட்டாத, மலைக்கு அப்பாலுள்ள வறண்ட நிலத்து மரங்களிலிருந்துதான் சிறந்த 'ஹோஜரி' லுபான் கிடைக்கின்றது. பட்டையைச் சீவிவிட்டு ஏறத்தாழ இரண்டு வாரங்கள் காத்திருக்க வேண்டும். முதற் சீவலில் வருவது தரமற்றது, மூன்றாவது சீவலுக்குப் பின்னரே நல்ல சரக்கு. வெண்மையும் இளம்பச்சையும் கலந்த கட்டிக்கு விலை அதிகம், மஞ்சளும் பழுப்பும் குறைந்த விலைக்குப் போகும். லுபான் விளையும் நிலமும் அது ஏற்றுமதியான பண்டைய துறைமுகங்களும் 2000 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

வியாபாரக் கண்ணோடு நோக்கினால் இந்த இரண்டு வகைக்குமிடையில் பெரிய வித்தியாசம் உண்டு. இளநீர் விற்பவர் 90 நாட்களில் உழைத்தாக வேண்டும். விற்காமல் தேங்கிய குலை காசாகாது. லுபான் வியாபாரியோ கெடாத, பாரமற்ற, சிறிய இடத்தில் அடங்கும் பொருளை வைத்திருக்கிறார். கூட்டம் குறைந்தால் மூட்டையைக் கட்டி அடுத்த பருவத்துக்கு வைத்துக்கொள்வார். வாடகை இருவருக்கும் ஒன்றாக இருக்கலாம், ஆனால் இரவில் வரும் தூக்கம் ஒன்றல்ல. அறுகம்பையில் இதே மாதங்களில் கடை போட்டிருக்கும் நமது சகோதரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

90 நாள் என்று சொன்னாலும் கனத்த வியாபாரம் ஜூலை நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் இறுதி வரையான ஆறேழு வாரங்களே. பாடசாலை திறந்ததும் குடும்பங்கள் திரும்பி விடுகின்றன. போதாததற்கு, தூறல் சூரியக் கணக்கில் வருகிறது, நோன்போ பிறைக் கணக்கில் வருகிறது. 2014, 2015, 2016 ஆகிய ஆண்டுகளில் றமழான் ஜூன், ஜூலை மாதங்களில் வந்ததால், நோன்புப் பெருநாள் வரையிலான நாட்கள் சுற்றுலா வியாபாரத்துக்குக் கணக்கில் வராத நாட்களாயின. 2023 இல் நேர்மாறாக, ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை பருவத்தின் முதல் வாரத்திலேயே கிடைத்தது. றமழான் மீண்டும் ஜூலைக்கு வர இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் உண்டு. ஆகவே இப்போதைக்கு அங்குள்ள வர்த்தகர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

வேறு கவலைகள் உண்டு. 2018 மே 25 இல் 'மெகுனு' சூறாவளி ஸலாலாவுக்கு அருகில் கரையைக் கடந்தது. பருவம் தொடங்க நான்கு வாரங்கள் கூட இல்லாத நேரம் அது. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொரோனா காரணமாக விழாவே நடக்கவில்லை. வருடத்தில் ஒரு அறுவடைதான் என்றிருப்பவருக்கு இரண்டு ஆண்டு இழப்பு என்பது எத்தகையது என்பதை, நமது நாட்டில் 2019 ஏப்ரலுக்குப் பின்னர் ஹோட்டல் தொழிலிலிருந்தவர்களிடம் கேட்டால் தெரியும்.

ஆகவேதான் மீதி ஒன்பது மாதங்களை என்ன செய்வது என்ற கேள்வி ஸலாலாவில் பெரிதாக இருக்கிறது. கரீஃப் முடிந்ததும் வரும் பருவத்தை அங்குள்ளோர் 'ஸர்ப்' என்கின்றனர். பனி விலகி, மலைகள் இன்னும் பச்சையாக இருக்கும், கடலும் அடங்கி விடும். பருவக்காற்றில் கரையேற்றி வைத்த சிறு வள்ளங்கள் மீண்டும் இறங்க, சாளை மீன் குவியலாக வருகிறது. அதைக் கடற்கரையில் உலர்த்தி மாட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனமாக விற்கின்றனர். ஆண்டின் இறுதியை ஒட்டி மிர்பாத், ஸதஹ் பகுதிகளில் குறுகிய காலம் மாத்திரம் அனுமதிக்கப்படும் 'ஸுஃபைலிஹ்' சிப்பி குளிப்பு, சுழியோடிகளுக்கு நல்ல வருமானம் தருகிறது. ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஐரோப்பாவிலிருந்து வாடகை விமானங்களில் சூரியனைத் தேடி இன்னொரு கூட்டம் வருகிறது. அவர்களை வரவேற்பது கடற்கரையோரப் பெரிய ஹோட்டல்களே. மலையடிவாரத்தில் இறைச்சி சுட்டவருக்கும் தற்காலிகக் கூடாரத்தில் துணி விற்றவருக்கும் அதில் கிடைப்பது சொற்பம். அவர்கள் கூடாரத்தைப் பிரித்து, அடுத்த ஜூன் 21க்காக நாட்களை எண்ணத் தொடங்குகின்றனர்.