ஒன்பது மாத அவகாசம்

நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் வேலை நிறுத்தங்களைப் பற்றிப் பேசுவோர் தலைவர்களின் தீரத்தையும் குடும்பங்களின் பட்டினியையும் எடுத்துரைப்பதோடு நின்றுவிடுகின்றனர். இரண்டும் மெய்யே. ஆயினும் அப்போர்களின் ஜயாபஜயங்களைப் பெரும்பாலும் நிர்ணயித்தவை பருவகாலமும், பூமிக்கு மேல் குவிந்து கிடந்த கரியின் அளவுமே என்பது நமது அபிப்பிராயம். பிரிட்டனின் சரித்திரமே இதற்குச் சாட்சி.

1925-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், நிதி மந்திரியாயிருந்த சர்ச்சில் பவுன் நாணயத்தை யுத்தத்துக்கு முந்திய தங்க மதிப்புக்கே உயர்த்தினார். அதனால் பிரிட்டிஷ் கரி அந்நிய நாடுகளில் விலையேறிற்று. ஜெர்மனியின் ரூர் பிரதேசத்துக் கரியோ மறுபடியும் சந்தைக்கு வந்து கொண்டிருந்தது. சுரங்க முதலாளிகள் கண்ட பரிகாரம் ஒன்றே: கூலியைக் குறைப்பது. ஜூன் மாத முடிவில் நோட்டீஸ் கொடுத்தனர். ரயில்வேத் தொழிலாளரும் போக்குவரத்துத் தொழிலாளரும், இனி ஒரு துண்டுக் கரியையும் ஏற்றிச் செல்வதில்லையென்று உறுதி கூறினர். சர்க்கார் அப்பொழுது ஆயத்தமாயில்லை. ஜூலை 31-ந் தேதி பிரதம மந்திரி பால்ட்வின் இணங்கினார். கூலி குறையாதிருக்க ஒன்பது மாதங்களுக்கு மான்யம் அளிப்பதாக வாக்களித்தார். சுமார் 2 கோடியே 30 லட்சம் பவுன் அதற்குச் செலவாயிற்று. தொழிலாளர் அந்நாளைச் 'சிவப்பு வெள்ளிக்கிழமை' என்று கொண்டாடினர்.

அந்த ஒன்பது மாதங்களை யார் எவ்வாறு உபயோகித்தனர் என்பதே நாம் கவனிக்க வேண்டியது. சர்க்கார், இங்கிலாந்தையும் வேல்ஸையும் பத்து வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அதிகாரியை நியமித்தது, கரி சேர்த்தது, லாரிகளுக்கு ஏற்பாடு செய்தது, தொண்டர் படை திரட்ட ஒரு ஸ்தாபனம் எழுந்தது, கம்யூனிஸ்டுத் தலைவர்கள் 12 பேர் சிறை புகுந்தனர். தொழிற்சங்க காங்கிரஸின் பொதுச் சபையோ, ஹெர்பர்ட் சாமுவேல் தலைமையில் அமைந்த கமிஷனின் அறிக்கையை எதிர்பார்த்துக் காத்திருந்தது! 1926 மார்ச்சில் அறிக்கை வந்தது. வேலை நேரத்தை நீட்டுவதை அது ஆதரிக்கவில்லை. ஆனால் மான்யம் நிற்க வேண்டும், கூலி குறைய வேண்டும் என்றது. கூலியில் ஒரு பென்னியும் குறையலாகாது, நேரத்தில் ஒரு நிமிஷமும் கூடலாகாது என்பது சுரங்கச் சங்கக் காரியதரிசி ஏ. ஜே. குக்கின் பதில்.

அந்நாளில் இந்தியா மந்திரியாக இருந்து நம்மவரை ஏளனம் செய்துவந்த பர்க்கன்ஹெட் பிரபு, சுரங்க முதலாளிகளைச் சந்தித்திராவிடில் தொழிலாளர் தலைவர்களையே இங்கிலாந்தின் மகா மூடர்கள் என்று கருதியிருப்பேன் என்ற பொருள்படக் கூறினார். பிரபுவின் வாக்கில் முதலாளிகளைப் பற்றிய பாகத்தையேனும் நாம் ஒப்புக்கொள்ளலாம்.

மே 1-ந் தேதி சுரங்கங்களில் கதவடைப்பு. 3-ந் தேதி நள்ளிரவில் பொது வேலை நிறுத்தம் ஆரம்பமாயிற்று. ரயிலும் டிராமும் அச்சுக்கூடமும் ஓய்ந்தன. ஒன்பது தினங்கள் தொழிலாளர் கட்டுப்பாடு குலையாது நின்றனர், குலைந்தவர்கள் தலைவர்களே. 12-ந் தேதி பொதுச் சபை, சுரங்கத் தொழிலாளருக்கு யாதொரு உறுதியும் பெறாமலே, போராட்டத்தை வாபஸ் வாங்கியது. சுமார் 10 லட்சம் சுரங்கத் தொழிலாளர் தனியே விடப்பட்டனர்.

அதன் பிறகு நடந்தது பட்டினிப் போர். ஏழைகள் சகாயச் சட்டம், வேலை நிறுத்தம் செய்தவனுக்கு உதவ இடந்தரவில்லை. மனைவி மக்களுக்கு மட்டுமே ஏதோ கிடைத்தது. தாராளமாய் உதவிய செஸ்டர்-லி-ஸ்ட்ரீட் போர்டை சர்க்கார் தானே எடுத்துக்கொண்டது. ஜூலையில் ஏழு மணி வேலையை எட்டு மணியாக்கச் சட்டம் நிறைவேறிற்று. கோடை வேறு, கரியின் தேவை குறைவு, அந்நியக் கரியும் வந்திறங்கியது. நாட்டிங்ஹாம்ஷயரில் ஸ்பென்சர் என்பவர் தனிச் சங்கம் கண்டார். நவம்பர் இறுதியில், குறைந்த கூலிக்கும் நீண்ட நேரத்துக்கும் இணங்கி மற்றவர்களும் குழியில் இறங்கினர். அனுதாப வேலை நிறுத்தத்தைத் தடுக்கும் சட்டம் 1927-ல் வந்தது. அது 1946 வரையில் நீடித்தது.

1947 ஜனவரி 1-ந் தேதி சுரங்கங்கள் தேசத்தின் உடைமையாயின. ஆயினும் பழைய கணக்கு மாறவில்லை. 1972-ல் சுரங்கத் தொழிலாளர் நடுக்குளிர்காலத்தில் எழுந்தனர். ஏழு வாரங்களில் வென்றனர். 1974-லும் குளிர்காலமே, பிரதம மந்திரி ஹீத் தேர்தலுக்குப் போய்ப் பதவியிழந்தார். இதை மறவாத ஒருவர் மார்கரெட் தாட்சர். 1981 பிப்ரவரியில் சுரங்கங்களை மூடும் யோசனையை அவர் கைவிட்டபொழுது, தொழிலாளர் மீண்டும் வெற்றி என்று மகிழ்ந்தனர். மின்சார நிலையங்களில் கரி மலைபோல் குவியலாயிற்று. 1984 மார்ச்சில், குளிர்காலம் கழிந்த பின்னர், போர் மூண்டது. தேச முழுவதற்குமான வாக்கெடுப்பு நடத்தாமலே ஸ்கார்கில் அதை நடத்தினார். அது பெரும் பிசகென்றே நாம் கருதுகிறோம். அதைக் காரணங்காட்டியே நாட்டிங்ஹாம்ஷயரில் பெரும்பாலோர் வேலைக்குச் சென்றனர்.

ஓராண்டு கழிந்து, 1985 மார்ச்சில், ஒப்பந்தம் ஏதுமின்றித் தொழிலாளர் திரும்பினர். பல ஊர்களில் கொடி பிடித்து, பாண்டு வாத்தியத்துடன் ஊர்வலமாகவே சுரங்க வாயிலை அடைந்தனர். பின்னர் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வேலை நிறுத்தத்தில் சேராத நாட்டிங்ஹாம்ஷயருக்கும் விலக்கு அளிக்கப்படவில்லை. அங்கு எஞ்சியிருந்த கடைசிச் சுரங்கமான தோர்ஸ்பி 2015 ஜூலையில் மூடப்பட்டது.