உங்களுக்குத் தெரியுமா? இண்டி ராக்கின் நான்கு நிமிடக் கதைகள்

பெரிய இசை நிறுவனங்களின் தயவில்லாமல், சின்ன அரங்குகளிலும் கல்லூரி வானொலிகளிலும் வளர்ந்தது மேற்கத்திய இண்டி ராக். அந்தக் குழுக்களின் பாடல் வீடியோக்களுக்குப் பெரும்பாலும் பணம் போதாது, துணிச்சல் தாராளம். யாரைக் காட்டுவது, காட்டும் உரிமை யாருக்கு என்ற சண்டை திரைப்படங்களைவிட இங்கேதான் வெளிப்படையாக நடந்திருக்கிறது.

● எம்டிவி 1981 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கிய பிறகு, பாடகரின் முகமே பாட்டின் விளம்பரப் பலகை ஆயிற்று. மினியாபொலிஸ் நகரத்து 'தி ரீப்ளேஸ்மென்ட்ஸ்' குழுவுக்கு அதில் உடன்பாடில்லை. 1985இல் வந்த ஆல்பத்தில் உள்ள 'பாஸ்டர்ட்ஸ் ஆஃப் யங்' பாடலுக்கு அவர்கள் தந்த வீடியோவில், கறுப்பு வெள்ளையில் ஒரு ஸ்பீக்கர் அதிர்ந்துகொண்டிருக்கும். குழுவினர் யாரும் பாடுவதாகவோ வாசிப்பதாகவோ காட்சி இல்லை. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து புகைபிடித்தபடி கேட்கிறார். பாட்டு முடியும்போது ஸ்பீக்கரை உதைத்துவிட்டு வெளியேறுகிறார். பாட்டு போய்ச் சேரும் மனிதரைக் கதாநாயகராக்கிய வீடியோ இது. இத்தனை ஆண்டுகளில் இதைவிட நேர்மையான ஒன்றை நான் அதிகம் பார்த்ததில்லை.

● பிரிட்டனில் 'இண்டி' பாடல்களுக்கென்று தனித் தரவரிசைப் பட்டியல் 1980இல் தொடங்கியது. அதில் இடம்பெற இசை எப்படி இருக்கிறது என்பது கணக்கே இல்லை. பெரிய நிறுவனங்களின் விநியோகத்தைத் தொடாமல் இசைத்தட்டு கடைக்கு வந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பிறகு அந்த ஒலி பிரபலமாகி, பெரிய நிறுவனங்களே அத்தகைய குழுக்களை ஒப்பந்தம் செய்தன. கீழே வரும் சில குழுக்களும் அப்படிப் போனவைதாம்.

● மான்செஸ்டரின் 'நியூ ஆர்டர்' குழு 1985இல் 'தி பெர்ஃபெக்ட் கிஸ்' பாடலைத் தங்கள் ஒத்திகை அறையில் நேரடியாக வாசித்தது. அந்த ஒலியே வீடியோவின் ஒலி. இயக்கியவர் ஜோனதன் டெம்மி. பின்னாளில் 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' படத்துக்கு ஆஸ்கர் வென்றவர். ஒளிப்பதிவு ஹென்றி அலெகான். 1946இல் ழான் காக்தோவின் 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' படத்துக்கு ஒளி அமைத்தவர். விரல்கள், கண்கள், அடுத்த ஸ்வரத்துக்குக் காத்திருக்கும் பதற்றம் என்று பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும் அந்த வீடியோவில், வேலை செய்யும் மனிதர்களின் கவனமே கதை.

இரண்டே ஆண்டுகளில் அதே குழு நேர்எதிர்த் திசையில் போனது. 'டச்ட் பை தி ஹேண்ட் ஆஃப் காட்' வீடியோவில் நால்வரும் நீண்ட பொய்முடியும் இறுக்கமான உடையுமாகக் கிளாம் மெட்டல் குழுவினராக வேடமிட்டு வந்தார்கள். அந்த வகை ராக் இசையில் ஆண்மை என்று பெருமையாகக் காட்டப்பட்ட எல்லாமே மாட்டிக் கழற்றும் உடுப்புதான் என்று காட்டிவிட்டது அது. இயக்கியவர் கேத்ரின் பிகலோ. 2010இல் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கரைப் பெற்ற முதல் பெண்.

● வீடியோ எடுப்பதையே வெறுத்த 'தி ஸ்மித்ஸ்' குழுவின் மூன்று பாடல்களை 1986இல் டெரெக் ஜார்மன் ஒரே குறும்படமாக்கினார். பெயர் 'தி குயின் இஸ் டெட்'. வீட்டு விசேஷங்களைப் பதிவு செய்ய மக்கள் வைத்திருந்த சூப்பர் 8 கேமராதான் அவர் கருவி.

● பஞ்சாபின் ஜலந்தரில் பிறந்த தர்செம் சிங் இயக்கியது ஆர்.இ.எம். குழுவின் 'லூசிங் மை ரிலிஜன்' (1991). ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் நகரில் தொடங்கி, கல்லூரி வானொலிகளால் பேர் பெற்ற குழு அது. முதுமையில் தளர்ந்த சிறகுகளோடு விழுந்து கிடக்கும் தேவதை, கார்சியா மார்க்கெஸின் சிறுகதை ஒன்றிலிருந்து வந்தவர். இருட்டிலிருந்து உடல்கள் வெளிப்படும் விதம், இத்தாலிய ஓவியர் கராவாஜியோவிடமிருந்து வந்தது. அந்த ஆண்டு எம்டிவி விருதுகளில் ஆறு இந்த வீடியோவுக்கே. அமெரிக்க ராக் பாட்டுக்கு அமெரிக்கத் தெருவும் காரும்தான் பின்னணி என்ற பழக்கத்தை, வெளியிலிருந்து வந்த ஒருவரின் கண் உடைத்தது.

● சொல்லாமல் விடுவதும் கதை சொல்லும் முறைதான். ரேடியோஹெட் குழுவின் 'ஜஸ்ட்' (1995) வீடியோவில் ஒரு மனிதர் லண்டன் நடைபாதையில் சும்மா படுத்துக்கொள்கிறார். ஏன் என்று கூட்டம் கேட்கிறது. உரையாடல் திரையில் எழுத்தாக வருகிறது. கடைசியில் அவர் காரணத்தைச் சொல்லும் நொடியில் எழுத்து நின்றுவிடுகிறது. கேட்டவர்கள் அத்தனை பேரும் அவரைப் போலவே தரையில் படுத்துவிடுகிறார்கள். இயக்குநர் ஜேமி த்ரேவ்ஸ் அந்தப் பதிலை வெளியிடவே இல்லை. துப்பறியும் கதையின் கட்டுமானம் முழுதும் இருக்கிறது, விடை மட்டும் இல்லை. அது கிடைத்திருந்தால் இந்த வீடியோவை மறுநாளே மறந்திருப்போம்.

● டெட்ராய்ட் நகரின் 'தி ஒயிட் ஸ்ட்ரைப்ஸ்' இருவர் மட்டுமே கொண்ட குழு. 2002இல் இயக்குநர் மிஷெல் கோந்த்ரி அவர்களை லெகோ கட்டைகளாலேயே, ஃப்ரேம் ஃப்ரேமாக அடுக்கி ஆடவைத்தார். அடுத்த ஆண்டு 'தி ஹார்டஸ்ட் பட்டன் டு பட்டன்' பாடலுக்கு ஒரே மாதிரியான 32 டிரம்ஸ் செட்டுகளை நியூயார்க் தெருக்களுக்குக் கொண்டுவந்தார். டிரம்ஸில் ஓர் அடி விழுந்தால், தெருவில் ஒரு செட் கூடும். தாளத்தைக் கண்ணால் எண்ண முடிகிற வீடியோ!

● 'ஓகே கோ' குழுவின் நால்வரும் எட்டு டிரெட்மில்களில் ஆடிய 'ஹியர் இட் கோஸ் அகெய்ன்' (2006) வெட்டே இல்லாத ஒரே ஷாட். நடனம் அமைத்தவர் பாடகர் டேமியன் குலாஷின் அக்கா, டிரிஷ் சீ. 2007இல் கிராமி கிடைத்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். யூடியூப் வீடியோவைப் பிற தளங்களில் பதித்துப் பார்த்தால் தனக்கு வருமானம் இல்லை என்பதால், அவர்களுடைய நிறுவனமான இஎம்ஐ அந்த வசதியைத் தடுத்தது. வீடியோவால்தான் உலகமே அறிந்த ஒரு குழுவுக்கு, வீடியோவை ரசிகர்கள் பரப்புவதே தடை! 2010இல் குலாஷ் நியூயார்க் டைம்ஸில் அதைக் கண்டித்து வெளிப்படையாக எழுதினார். அதே ஆண்டு குழு வெளியேறிச் சொந்த நிறுவனம் தொடங்கியது.

● ஒரு சோபா. இரண்டு பேர். காதில் ஹெட்போன். 'பிரைட் ஐஸ்' குழுவின் 'ஃபர்ஸ்ட் டே ஆஃப் மை லைஃப்' (2005) வீடியோவில் இதற்குமேல் எதுவும் இல்லை. ஜோடிகள் மாறி மாறி வந்து உட்கார்ந்து பாட்டைக் கேட்கிறார்கள். ஒருபால் ஜோடிகளும் உண்டு. யாரையும் தனியாகச் சுட்டாமல், விளக்கம் எதுவும் கொடுக்காமல், எல்லோருக்கும் அதே சோபா. இயக்கம் ஜான் கேமரன் மிட்செல். பிரதிநிதித்துவம் பற்றி எத்தனையோ கட்டுரைகள் படித்தாகிவிட்டது. இந்த மூன்று நிமிடத்தின் அமைதி அவற்றில் கிடைப்பதில்லை.

● இந்தப் பகுதியில் நான் அதிகம் பேச விரும்புவது பாடகி மிட்ஸ்கியைப் பற்றி. தாய் ஜப்பானியர், தந்தை அமெரிக்கர், வளர்ந்தது பல நாடுகளில். 'யுவர் பெஸ்ட் அமெரிக்கன் கேர்ள்' (2016) வீடியோவை ஸியா ஆங்கர் இயக்கினார். எதிரே நிற்கும் ஒரு வெள்ளையின இளைஞனும் மிட்ஸ்கியும் பார்வையாலேயே பேசிக்கொள்கிறார்கள். பூவளையம் சூடிய வெள்ளையினப் பெண் ஒருத்தி வந்ததும் அவன் அவள் பக்கம் போய்விடுகிறான். அவர்கள் முத்தத்தில் மூழ்க, மிட்ஸ்கி தன் கையையே முத்தமிடத் தொடங்குகிறார். பார்க்கக் கூச்சமாக இருக்கும்; கேமரா விலகாது. பிறகு அவர் கிடாரை எடுக்கிறார்.

பள்ளிக்காதல் படங்களின் முக்கோணக் கதைதான் இது. அந்தப் படங்களில் ஆசியப் பெண் பெரும்பாலும் கதாநாயகியின் தோழி. பாட்டின் உச்சத்தில் கிடாரோடு நிற்கும் இடம், ராக் வீடியோக்களில் பெரும்பாலும் ஆணுக்கென்று ஒதுக்கப்பட்டது. இரண்டு வகைமைகளிலும் தனக்கு இடம் இல்லாத ஒருவர், ஒன்றில் தோற்று மற்றொன்றைக் கைப்பற்றுகிறார். வெள்ளையின ஆண்களின் இண்டி உலகுக்குக் கொடுத்த அடி என்று பலர் இதைக் கொண்டாடினார்கள். மிட்ஸ்கி அதை ஏற்கவில்லை; நேசித்தவரின் உலகத்தில் தன்னால் பொருந்த முடியாத வலியே பாட்டு என்றார். அவர் சொல்வதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது. வெறும் பழிவாங்கலாக இருந்தால் அந்தக் கை முத்தம் இத்தனை நேரம் நீண்டிருக்காது.

அதே ஆண்டில் வந்த அவருடைய 'ஹேப்பி' வீடியோவை மேகன் ஹுவாங் இயக்கினார். ஆசிய மனைவி, வெள்ளையினக் கணவன், பழைய காலத்து அமெரிக்க வீடு. குடும்பப் படம்போலத் தொடங்குவது சந்தேகக் கதையாகி, கடைசியில் ரத்தம் தெறிக்கும் திகில் படமாகிறது.

● 'ஜாப்பனீஸ் பிரேக்ஃபஸ்ட்' என்ற பெயரில் பாடும் மிஷெல் ஸானர், கொரியத் தாய்க்குப் பிறந்தவர். தாய் 2014இல் புற்றுநோயால் இறந்தார். 'எவ்ரிபடி வான்ட்ஸ் டு லவ் யூ' (2016) வீடியோ முழுவதும் ஸானர் அணிந்திருப்பது தாயின் ஹான்போக், அதாவது கொரியப் பாரம்பரிய உடை. அந்த உடையில் பைக் ஓட்டுகிறார், குடிக்கிறார், லாரி மேல் ஏறி நின்று கிடார் வாசிக்கிறார். வேறொருவர் இதை இயக்கியிருந்தால் துக்கத்துக்குரிய உடையை மெழுகுவத்தி வெளிச்சத்தில் காட்டியிருப்பார். ஸானர் இந்த வீடியோவின் இயக்குநர்களில் ஒருவர். அம்மாவின் உடையைத் தன் ஊர் சுற்றும் வாழ்க்கைக்குள் அழைத்து வந்துவிட்டார்.

● 2012இல் 'பெர்ஃப்யூம் ஜீனியஸ்' என்ற பாடகரின் 'ஹூட்' வீடியோவுக்கான சிறு விளம்பரத்தை, குடும்பத்தோடு பார்க்கத் தகுந்ததல்ல என்று யூடியூப் நிராகரித்தது. அதில் இருந்தது சட்டையில்லாத இரு ஆண்கள் அணைத்துக்கொள்ளும் காட்சி.

இரண்டு ஆண்டுகள் கழித்து இன்னொரு விவாதம். 'ஆர்கேட் ஃபயர்' குழுவின் 'வி எக்ஸிஸ்ட்' வீடியோவில் நடிகர் ஆண்ட்ரூ கார்ஃபீல்ட் பெண்ணுடை அணிந்து ஊரின் வன்முறையை எதிர்கொள்பவராக நடித்தார். நல்ல நோக்கம், நல்ல நடிப்பு. ஆனால் 'அகெய்ன்ஸ்ட் மீ!' குழுவின் பாடகி, திருநங்கையான லாரா ஜேன் கிரேஸ், அந்த வேடத்துக்கு ஒரு திருநரையே நடிக்க வைத்திருக்கலாமே என்று கேட்டார். நாங்கள் இருக்கிறோம் என்று உரக்கச் சொல்லும் வீடியோவில், இருப்பவர்களுக்கு இடம் தராதது பெரிய குறைதான்.

● ஓர் ஈழத்துத் தமிழ்ப் பெண் பாடகியாவதற்கு ஓர் இண்டி ராக் குழுவின் கேமரா வேலை காரணமாயிற்று. லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் சிறுவயதைக் கழித்து, அகதியாக மீண்டும் லண்டன் சென்ற மாயா அருள்பிரகாசம், செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் திரைப்படம் படித்தார். 'எலாஸ்டிகா' குழுவின் ஜஸ்டின் ஃபிரிஷ்மன், தங்கள் 2000ஆம் ஆண்டு ஆல்பத்தின் அட்டையை வடிவமைக்கவும் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தைப் படம்பிடிக்கவும் அவரை அழைத்தார். குழுவின் 'மேட் டாக் காட் டேம்' பாடலுக்கு வீடியோ இயக்கியதும் மாயாவே. அந்தப் பயணத்தில் உடன் வந்த பாடகி பீச்சஸ், ரோலண்ட் எம்சி-505 என்ற தாளக் கருவியை மாயாவுக்கு அறிமுகப்படுத்தினார். அதிலிருந்து பிறந்தவர்தான் எம்.ஐ.ஏ. என்ற பெயரில் மாயா என்னும் பாடகி.

ஈழப் போர் முடிந்த மறு ஆண்டில், 2010இல், அவருடைய 'பார்ன் ஃப்ரீ' வீடியோ வந்தது. இயக்கம் ரொமேன் காவ்ரஸ். ஆயுதப் படையினர் வீடு புகுந்து, செம்முடி கொண்ட இளைஞர்களை மட்டும் தேடிப் பிடித்து, வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் வேட்டையாடுகிறார்கள். தமிழர் முகத்தைக் காட்டியிருந்தால், தூர தேசத்துச் செய்தி என்று மேற்கத்தியப் பார்வையாளர் கடந்துபோயிருப்பார். அவர் வீட்டுப் பிள்ளையின் முடி நிறத்தையே குற்றமாக்கியபோது கடக்க முடியவில்லை. வன்முறை மிகுதி என்று சொல்லி யூடியூபில் கட்டுப்படுத்தினார்கள். அதன் கொடூரம் அளவு மீறியது என்று விமரிசகர்கள் சிலர் எழுதினார்கள். அந்த அளவு மீறல் தேவைப்பட்டது என்பதே என் கருத்து.

● 'தி நேஷனல்' குழுவுக்காக மைக் மில்ஸ் இயக்கிய 'ஐ ஆம் ஈஸி டு ஃபைண்ட்' (2019) 24 நிமிடக் கறுப்பு வெள்ளைப் படம். ஒரு பெண்ணின் பிறப்பிலிருந்து இறப்பு வரை, குழந்தை, சிறுமி, கிழவி எல்லாமே அலிசியா விகாண்டர்தான். வயதுக்கேற்ற ஒப்பனை இல்லை. உடல் அசைவே வயதைச் சொல்கிறது.

● ஐஸ்லாந்தின் 'சிகுர் ரோஸ்' குழு 'ஸ்வெஃப்ன் ஜி எங்லர்' பாடலின் வீடியோவில், டவுன் சிண்ட்ரோம் உள்ள நடிகர்கள் இடம்பெற்ற 'பெர்லன்' நாடகக் குழுவைத் தேவதை உடையில், திறந்த வெளியில் ஆடவைத்தது. பரிதாபத்தைக் கேட்காத நடனம் அது.

அதே குழு 2012இல் 'வால்டாரி' ஆல்பத்துக்காகப் பத்துக்கும் மேற்பட்ட இயக்குநர்களுக்குத் தலா 10,000 டாலர் கொடுத்தது. பாட்டைக் கேட்டதும் தோன்றுவதை எடுக்கலாம். குழுவிடம் காட்டி ஒப்புதல் வாங்கத் தேவையில்லை. இயக்குநர்களில் ஒருவர் அல்மா ஹரேல். அவர் எடுத்ததில் ஷயா லபூஃப் நடித்தார். லபூஃப் பின்னர் தன் சிறுவயதையே திரைக்கதையாக எழுதியபோது, 'ஹனி பாய்' (2019) என்ற அந்தப் படத்தை இயக்கியவர் ஹரேல்தான்.