வேலையில் கெட்டி, பொறுப்பில் தடுமாற்றம்

உக்கடத்தில் பஸ் ஏறி ஆத்துப்பாலம் தாண்டினால் குறிச்சி சிட்கோ. அந்தப் பக்கத்து லேத் பட்டறைகளிலும் பம்பு கம்பெனிகளிலும் சிலரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு: “வேலையில கெட்டிக்காரனுங்க. பொறுப்புக் குடுத்தாத்தான் ஆகறதில்லீங்க.” நின்றுபோன மெஷினை மற்றவர்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓடவைத்துவிடுகிற ஆட்கள் அவர்கள். அந்தத் திறமைக்காகவே சூப்பர்வைசர் ஆக்குகிறார்கள். அதன்பிறகு ஜாப் கார்டு எழுதப்படாமல் கிடக்கிறது. ஓவர்டைம் நோட்டில் இரண்டு நாள் விட்டுப்போகிறது. சனிக்கிழமையே கேட்டிருக்க வேண்டிய டூல், திங்கட்கிழமை வேலை நின்றபிறகுதான் ஞாபகத்துக்கு வருகிறது. ‘அக்கறை இல்லை’ என்று முடிவுகட்டிவிடுகிறார் முதலாளி.

அக்கறையின்மை சிலரிடம் இருக்கலாம். இன்னும் சிலரிடம் இருப்பது ஏடிஹெச்டி எனும் கவனக்குறைவு–மிகையியக்கக் குறைபாடு. இது குழந்தைகளுக்கு மட்டும் வருவது என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை.

கோவை மாவட்டத்தில் நான்கு பள்ளிகளைச் சேர்ந்த, 6 முதல் 11 வயதுவரையிலான 770 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வொன்று 2013-இல் வெளியானது. பெற்றோர், ஆசிரியர் தந்த மதிப்பீட்டின்படி 11.32 சதவீதம் பேரிடம் இந்தக் குறைபாடு தெரிந்தது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளிடம் கூடுதல். உலகச் சராசரியைவிட இது மிக அதிகம். மதிப்பீட்டுப் படிவங்களை வைத்து எண்ணும்போது கணக்கு கொஞ்சம் ஏறத்தான் செய்யும். அது எப்படியானாலும், அந்தப் பிள்ளைகள் இன்று வேலைக்குப் போகிற வயதில் இருக்கிறார்கள். வளர்ந்தபின் துறுதுறுப்பு பலருக்கு அடங்கிவிடும்; மறதியும் ஒழுங்கின்மையும் அவ்வளவு எளிதில் போவதில்லை.

ஏடிஹெச்டி உள்ளவர்களுக்குக் கவனமே கிடையாது என்பது தவறு. அதை வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்தில் நிறுத்துவதுதான் சிரமம். திட்டமிடுவது, நேரத்தைக் கணிப்பது, கைவேலை நடக்கும்போதே அடுத்ததை மனதில் வைத்திருப்பது எல்லாம் நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப்பகுதியும் அதோடு இணைந்த நரம்புச் சுற்றுகளும் பார்க்கிற வேலை. அங்கே டோபமைன், நார்அட்ரினலின் ஆகியவற்றின் இயக்கம் இவர்களிடம் சற்று மாறுபட்டிருப்பதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பெரும்பாலும் பரம்பரையாக வருவது இது. ரிப்பேருக்கு வந்த மெஷினில் அவசரமும் இருக்கிறது, புதிரும் இருக்கிறது, பலனும் உடனே தெரிகிறது. மூளை தானாகவே ஒட்டிக்கொள்ளும். மாதக் கடைசியில் யாரோ புரட்டப்போகிற நோட்டில் இது எதுவும் இல்லை. பதவி உயர்வு என்ற பெயரில் நாம் செய்வது, முதல் வேலையிலிருந்து பிடுங்கி இரண்டாவதில் உட்காரவைப்பதுதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் முயற்சியாகப் பத்து நாடுகளில் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், வேலைபார்ப்பவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு ஏடிஹெச்டி இருந்தது. இதனால் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 22 நாள் உழைப்பை இழக்கிறார். சிகிச்சை பெற்றவர்கள் மிகச் சிலரே.

நம் சட்டமும் கைகொடுக்கவில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலுள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உண்டு, ஏடிஹெச்டி இல்லை. ஆகவே தனக்கு இது இருக்கிறது என்று மேனேஜரிடம் சொல்லப் பலருக்குத் துணிச்சல் வருவதில்லை. சொன்னால் அடுத்த உயர்வும் போய்விடுமோ என்ற பயம்.

கம்பெனிகள் செய்யக்கூடியவை பெரிய செலவில்லாதவை. வாய்வழியாகச் சொல்வதை எழுதிக் கொடுக்கலாம். மாதக்கெடுவை வாரக்கெடுவாக உடைக்கலாம். நோட்டு எழுத ஒரு கிளார்க்கைப் பக்கத்தில் போடலாம். எல்லாவற்றையும்விட, கைத்திறன் உள்ளவரை மேசைக்கு இழுக்காமல் பட்டறையிலேயே சம்பளமும் அந்தஸ்தும் உயர வழி வேண்டும். மேலே போக ஒரே ஏணிதான் என்று வைத்திருப்பது கம்பெனியின் கோளாறு.

மருந்தும் பயிற்சியும் பலருக்கு உதவுகின்றன. ஆனால் மறதி உள்ள எல்லாருக்கும் ஏடிஹெச்டி இல்லை. 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று மனநல மருத்துவர் விசாரித்தே முடிவுசெய்வார். முதலில் யாரிடமாவது பேசிப் பார்க்க நினைப்பவர்கள் டெலி-மனாஸ் மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.