வலையின் நிறைவும் கடலின் நிறைவும்

மீனெண்ணெய் என்றவுடன் முகஞ்சுளிக்காத பிள்ளைகள் அரியர். அவ்வெண்ணெய்க்குப் பெயர்பெற்றது ‘கொட்’ என்னும் மீன். அதற்கு நேர்ந்த கதி, கடலை நம்பி வாழ்வோர் யாவரும் அறிந்திருக்க வேண்டியதொன்றாகும்.

கனடாவின் கிழக்கே, அத்திலாந்திக் சமுத்திரத்தில், நியூபவுண்லாந்து என்னுந் தீவு உள்ளது. 1497ஆம் ஆண்டில் யோன் கபொற் என்னும் மாலுமி அத்திசையிற் சென்று மீண்டபோது, அங்கே கூடையை இறக்கியே மீனை அள்ளலாம் என்ற செய்தி ஐரோப்பாவிற் பரவியது. பின்னர் பல நூற்றாண்டுகளாக மக்கள் அங்கே தூண்டிலாலும் கரையோர வலைகளாலும் கொட் மீனைப் பிடித்து வந்தனர். கோடையிற் சிறுமீன்களைத் துரத்திக் கரையை நாடும் கொட், மாரியில் ஆழ்கடலுக்குத் திரும்பிவிடும். சிறு தோணிகள் அங்கே தொடர்ந்து செல்ல இயலா. மனிதனின் இயலாமையே மீனுக்குக் காவலாயிற்று.

1950களில் அக்காவல் நீங்கிற்று. பிடித்த மீனைக் கப்பலிலேயே துப்புரவாக்கி உறையவைக்கும் பெரும் இழுவைக் கப்பல்கள் பல நாடுகளிலிருந்தும் வந்தன. இழுவை மடி என்பது கடலின் அடித்தளத்தை உராய்ந்து சென்று, எதிர்ப்பட்டவற்றையெல்லாம் வாரிக்கொள்ளும் பெரும் பைவலையாகும். மீன் இனம்பெருக்கத் திரளும் இடத்துக்கே அக்கப்பல்கள் சென்றன. 1968ஆம் ஆண்டில் மாத்திரம் ஏறத்தாழ 8 இலட்சம் தொன் கொட் பிடிக்கப்பட்டது. அதன்பின் மீன்பாடு வீழ்ந்தது. 1977இல் கனடா 200 கடல் மைல் எல்லையை வகுத்துப் பிறநாட்டுக் கப்பல்களைக் கட்டுப்படுத்தியது. ஆனால், அவை விட்ட இடத்தைக் கனடாவின் சொந்த இழுவைக் கப்பல்கள் பிடித்துக்கொண்டன.

1980களில், மீன் குறைகிறது, அகப்படுவதும் சிறுத்துவிட்டது என்று கரையோரத் தொழிலாளர் முறையிட்டனர். ஆழ்கடற் கப்பல்களின் வலைகளோ முன்போல நிறைந்துவந்தன. அந்நிறைவையும் ஓர் அளவுகோலாகக் கொண்டே கடலின் மீன்வளம் கணிக்கப்பட்டது. தவறு நேர்ந்த இடம் இதுவே. குளம் வற்றும்போது எஞ்சிய மீன்கள் மடுவில் ஒதுங்கும். அங்கே கரப்புக் குத்துபவனுக்குக் குளமெல்லாம் மீன் என்றே தோன்றும். கொட் மீனும் தொகை குறையக் குறைய ஓரிடத்தில் ஒடுங்கியது. அவ்விடத்தைக் கண்டறியும் கருவிகள் கப்பல்களில் இருந்தன.

1992 யூலை 2ஆம் நாள் அத்தொழிலுக்குத் தடை விதிக்கப்பட்டது. ஏறத்தாழ 30,000 பேர் பிழைப்பை இழந்தனர். இரண்டு ஆண்டுகளுக்கென்று அறிவிக்கப்பட்ட தடை, 32 ஆண்டுகள் கழித்து 2024இலேயே நீங்கிற்று. அப்போதும் 18,000 தொன்னே அனுமதிக்கப்பட்டது. கடல்நீர் மிகக் குளிர்ந்ததும் அழிவுக்கு ஒரு காரணம் என்பர். எனினும், முதிர்ந்த மீன்கள் அழிந்தபின் இனம் தேறுதல் எளிதன்று. கொட் முட்டையிடும் பருவத்தை அடைய ஐந்தாறு ஆண்டுகள் செல்லும். பெரிய தாய்மீனே மிகுதியான முட்டைகளை இடும்.

ஆதலால், பொறுப்புள்ள மீன்பிடி என்பது வலையை வைத்துக் கடலை அளவாமையில் தொடங்குகிறது. கடல் ஈட்டித் தருவதிலும் குறைவாகப் பிடித்தல், குஞ்சுகள் தப்பத்தக்க கண்ணளவுடைய வலையை இடுதல், இனம்பெருகுங் காலத்தில் ஒதுங்கியிருத்தல், கரையோரத் தொழிலாளியின் சொல்லுக்குச் செவிகொடுத்தல் ஆகியன அதன் கூறுகளாம்.

இலங்கையிற் சினை தாங்கிய சிங்கி இறாலைப் பிடித்தல் குற்றமாகும். அடித்தள இழுவை மடித் தொழில் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் இயந்திரப் படகுகள் ஆண்டுதோறும் 61 நாட்கள் கடலுக்குச் செல்லாது நிற்கின்றன. ஆயினும், எஞ்சிய காலத்தில் அக்கரையின் இழுவைப் படகுகள் எல்லை கடந்து வருவதனால், தம் வலைகள் அறுபடுவதாகவும் மீன் அருகுவதாகவும் வடபகுதித் தொழிலாளர் முறையிட்டு வருகின்றனர். பாக்கு நீரிணை ஆழங்குறைந்த ஒரே கடல். அங்குள்ள மீன் எல்லைக்கோட்டை அறியாது. இரு கரையிலும் அதனை நம்பி வாழ்வோர் ஒரே மொழி பேசுவோர். ஒரு கரையின் வலை நிறைவதைக் கண்டு கடல் நிறைந்திருப்பதாக எண்ணின், நியூபவுண்லாந்தின் கரையோரத்தில் நேர்ந்த வெறுமை இங்கும் நேரும்.